பிள்ளையே போன் எடுக்கட்டும்

கோயில் தேர் என்றாலும் சாமத்தியவீடு என்றாலும், சுவிஸில் எங்கள் ஆட்கள் கூடுகிற இடங்களில் என்னைத் தேடி வந்து கேட்கிற கேள்வி இப்போது ஒன்றுதான். "தங்கச்சி, எங்கட மகனுக்கு உங்கட மூக்குக்கண்ணாடிக் கடையில ஒரு ஷ்னுப்பர் எடுத்துத் தருவீங்களோ?" கேட்பவர் அப்பா, அல்லது அம்மா, சிலவேளை மாமா. மகன் இரண்டடி தள்ளி நின்று போனை நோண்டிக்கொண்டிருப்பான். "தம்பி, உமக்கு என்ன விருப்பம்?" என்று நான் அவனைக் கேட்டால் பதில் தகப்பனிடமிருந்து வரும்.

சுவிஸுக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு இது என்ன கதை என்று சொல்லிவிடுகிறேன். இங்கே கட்டாயப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிகிறது. கிம்னாசியம் போய் அங்கிருந்து பல்கலைக்கழகம் போகிறவர்கள் சிறுபங்கு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 'லேர்' என்கிற தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரு நிறுவனத்தில் வேலை, மிச்ச நாள் தொழிற்பள்ளி, முதல் மாதத்திலிருந்தே கையில் ஒரு சிறிய சம்பளம். தச்சு, மின்சாரம், வங்கி, முதியோர் பராமரிப்பு, கைக்கடிகாரம் என்று சுமார் 250 தொழில்கள் இருக்கின்றன. இதில் எது என்று பதினாலு பதினைந்து வயதில் முடிவெடுக்க வேண்டும். அதற்காகத்தான் எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் ஒரு நிறுவனத்துக்குப் போய்ச் சில நாள் கூட நின்று வேலை பார்த்து வருகிறார்கள். இரண்டு நாளாகவும் இருக்கலாம், ஒரு வாரமாகவும் இருக்கலாம். சம்பளம் கிடையாது. இதுதான் ஷ்னுப்பர். பள்ளிக்கூடம் இடம் பிடித்துத் தராது. ஆசிரியர் ஒரு தாளைத் தருவார், ஒரு திகதியைச் சொல்வார். தேடுவதும் கேட்பதும் போவதும் பிள்ளையின் பாடு.

முதலாளி சும்மா சுற்றிக்காட்டக் கூப்பிடுவதில்லை. அடுத்த வருடம் யாரை லேருக்கு எடுக்கலாம் என்பதை அந்தச் சில நாட்களில்தான் அவர் பார்த்துக்கொள்கிறார். நேர்முகத் தேர்வில் அரை மணித்தியாலம் நடிக்கலாம். ஐந்து நாள் காலை எட்டு மணிக்கு வந்து நடிக்க முடியாது.

நான் எட்டாம் வகுப்புப் படித்தது 2003-04இல், பேர்ண் நகரின் மேற்கே பும்ப்ளிட்ஸில். அப்பா எண்பதுகளின் கடைசியில் வந்தவர். அம்மாவும் நானும் 1992இல் வந்து சேர்ந்தோம், எனக்கு அப்போது மூன்று வயது. 1992 முடிவதற்குள் வந்து, அதுவரை நிலையான அனுமதி கிடைக்காமல் இழுபட்ட குடும்பங்களுக்கு மனிதாபிமான அடிப்படையில் அனுமதி கொடுக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் அரசு முடிவெடுத்தது. இலங்கைத் தமிழர் நிறையப் பேருக்கு அதில் விடிவு வந்தது. எங்கள் வீட்டு எஃப் அட்டை, அதாவது தற்காலிக அனுமதி, பி அட்டை என்கிற வதிவிட அனுமதியானதும் அப்படித்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எஃப் அட்டையைக் கண்டதும் லேர் கொடுக்கப் பின்வாங்கிய முதலாளிமார் அப்போது நிறைய. இடங்களும் தட்டுப்பாடு. இப்போது பல தொழில்களில் இடம் காலியாகக் கிடக்கிறது, முதலாளிமார் பிள்ளை தேடித் திரிகிறார்கள். அப்போது நிலைமை தலைகீழ்.

ஆசிரியர் தாளைக் கொடுத்து ஒரு கிழமைக்குள் வகுப்பில் பாதிப் பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. என் பக்கத்தில் இருந்தவளுக்கு வங்கியில். அவளுடைய அப்பாவோடு இராணுவச் சேவை செய்தவர் அங்கே கிளைக்குப் பொறுப்பாம். பின்வாங்கில் இருந்தவனுக்குப் பெரியப்பாவின் தச்சுப் பட்டறை. "தன்முயற்சி என்றால் இதுதான்" என்று ஆசிரியர் அவர்களைப் பாராட்டினார். அந்தப் பாராட்டைக் கேட்டு எனக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை. போன் எடுத்தது அப்பா, பெயர் வாங்கியது பிள்ளை.

எங்கள் வீட்டுக்கும் தொடர்புகள் இல்லாமல் இல்லை. அப்பா ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. பேர்ணில் எந்தக் குசினியில் கோப்பை கழுவ ஆள் தேவை என்று மத்தியானம் தெரியவந்தால் பின்னேரத்துக்குள் எங்கள் ஆள் ஒருவரை அங்கே நிறுத்திவிடுவார். அவ்வளவு வலுவான வலைப்பின்னல். அது குசினிக் கதவோடு முடிந்துவிடும், அதுதான் சிக்கல். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. என் முதல் ஷ்னுப்பர் அம்மாவின் மேற்பார்வையாளர் மூலம் அந்த இல்லத்திலேயே இரண்டு நாள். நல்ல மனிதர்கள், நல்ல தொழில், எனக்கு ஒத்துவரவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எனக்கு வேண்டியிருந்தது கண்ணாடிக் கடை. பன்னிரண்டு வயதில் முதன்முதல் கண்ணாடி போட்டபோது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காதுகளைப் பார்த்தார். கண்ணாடியின் காலை, சூடான சின்னக் கண்ணாடி மணிகள் நிரம்பிய ஒரு கிண்ணத்துக்குள் செருகினார். வெளியே எடுத்துப் பெருவிரலால் ஒரு அழுத்து. திரும்ப மாட்டிப் பார்த்தார், திரும்பவும் ஒரு அழுத்து. "உன் வலது காது இடதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அனேகமாக எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பா, அம்மா, தம்பி எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்துக் காதைப் பார்த்தேன். அதுதான் ஆரம்பம். ஆனால் கண்ணாடி வாங்கப் போகிற இடத்தில் வேலையும் கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

வகுப்போடு தொழில் ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே தொழிலுக்கு ஒரு கோப்பு. மற்றவர்கள் கணினி மேசைக்கு ஓட, நான் கண்ணாடிக்காரர் கோப்பை எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனேன். அப்போது அது நான்கு வருட லேர். கணக்கும் பௌதிகமும் வேண்டும், கை நிதானமாக இருக்க வேண்டும், மனிதரோடு கதைக்கத் தெரிய வேண்டும். மூன்றாவதைத் தவிர மற்றது சரிவரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டு வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணித்தியாலம் இடைவேளை. வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்துவிடுவார். தொலைபேசி இருந்ததும் அதே அறையில். வயரை இழுத்துக் குளியலறைக்குள் கொண்டுபோய், கதவை ஒருக்களித்துச் சாத்தி, தொலைபேசிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எடுப்பேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன்.

பேர்ண் ஜெர்மன் எனக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். அதனால் முதல் அரை நிமிடம் எல்லாம் வடிவாகப் போகும். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனையாம் வகுப்பு என்று சிரித்துக் கதைப்பார்கள். பிறகு பெயரைக் கேட்பார்கள். எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். போனில் எழுத்துக்கூட்ட இங்கே ஒரு முறை உண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர். நடராசா என்ற அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். நிக்லவுஸ், அன்னா, டானியல், அன்னா, றோசா, அன்னா, யாக்கோப், அன்னா, ஹைன்றிக். அப்பாவின் பெயருக்குள் ஒன்பது சுவிஸ்காரர் குந்தியிருந்தார்கள், அதில் நாலு பேர் அன்னா. இத்தனை பேரைச் சொல்லி முடித்த பிறகு மறுமுனையில் குரல் கொஞ்சம் மாறியிருக்கும். "ஓ, இந்த வருடம் ஏற்கெனவே எடுத்துவிட்டோமே." ஒரு கடையில் மட்டும் காரணத்தை விளக்கினார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்கள் வயதானவர்களாம், பழகின முகங்களைத்தான் விரும்புவார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இந்த நாட்டில் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

அந்தப் போனை வைத்தபோது அப்பா குளியலறை வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"வாசிக்கிற மாதிரிக் கேக்குது" என்றார். "தாளை வை. நான் இப்ப முதலாளி. எடு."

அப்பாவின் ஜெர்மன் முழுக்கக் குசினி ஜெர்மன். ஏவல் வினையைத் தவிர வேறு வினை கிடையாது. கழுவு, வெட்டு, கெதியா, சூடு, கவனம். அந்த ஜெர்மனில் அவர் கண்ணாடிக்கடை முதலாளியானார். சோபாவில் நிமிர்ந்து இருந்து, கையைக் காதில் வைத்து, "இடம் இல்லை! வை!" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இடம் இல்லை எண்டால் நீ என்ன செய்யிறாய்?"

"நன்றி சொல்லிட்டு வைக்கிறன்."

"ஏன் வைக்கிறாய்? எப்ப திரும்ப எடுக்கலாம் எண்டு கேள். வேற ஆரிட்ட கேக்கலாம் எண்டு கேள். இவனிட்ட இல்லாட்டி இவனுக்குத் தெரிஞ்சவனிட்ட இருக்கும். நாங்கள் இங்க வந்து வேலை எடுத்தது எப்பிடி எண்டு நினைக்கிறாய்?"

அந்தப் புதன்கிழமை இடைவேளை முழுவதும் அப்பா நித்திரை கொள்ளாமல் முதலாளியாக இருந்தார். கோபக்கார முதலாளி, அவசரத்தில் இருக்கிற முதலாளி, காது கேளாத முதலாளி. கடைசியில் ஒரு நல்ல முதலாளியும் வந்தார். அவர்தான் கஷ்டம், ஏனென்றால் "ஏன் இந்தத் தொழில்?" என்று கேட்டார், எனக்குக் காதுக் கதை சொல்ல வெட்கமாக இருந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும் என்றார் அப்பா. படித்தவர் இல்லை, இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குள் பெற்றோர் சந்திப்பைத் தவிர வேறெதற்கும் போனவர் இல்லை. ஆனால் வேலை கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியும், என் ஆசிரியரைவிட நன்றாகவே தெரியும்.

அடுத்த சுற்றில் ஒரு கடையில் இடம் இல்லை என்றார்கள். வேறு யாரிடம் கேட்கலாம் என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துப் பழைய நகரத்தில் வளைவு நடைபாதைக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னக் கடையின் பெயரைச் சொன்னார். "நான் சொன்னதாகச் சொல்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வசனத்தில் எனக்கும் இராணுவ நண்பர் ஒருவர் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. முதலாளி ஏன் இந்தத் தொழில் என்று கேட்டார். காதுக் கதையைச் சொன்னேன். வசந்த விடுமுறையில் ஐந்து நாள் வரச் சொன்னார்.

கடையில் ஐந்து பேர். முதல் காலையில் எல்லோருக்கும் கைகொடுத்துப் பெயர் சொல்ல வேண்டும், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்கு எல்லோரும் பின்னறையில் கூடிப் பாணும் கோப்பியும். முதலாளியும் அதே மேசையில்தான். நான் சுவரோரம் நிற்க, ஒரு கதிரையைக் காலால் தள்ளிக் காட்டினார்.

பிறகு என்னைப் பட்டறைக்குள் விட்டார்கள். கடையின் முன்பக்கம் வெளிச்சமும் கண்ணாடி அலுமாரிகளுமாக இருக்கும். பட்டறை ஒரு ஒடுங்கிய அறை, ஒற்றை யன்னல், ஒரு நீள மேசை. முதலாளி ஒரு பிளாஸ்டிக் வில்லையைத் தந்தார். அதன்மேல் ஊசியால் கீறின ஒரு கோடு, கண்ணாடிச் சட்டத்தின் வடிவில். கூடவே ஒரு அரம். "கோடு வரைக்கும் அராவு. கோட்டைத் தாண்டாதே." மூலையில் நின்ற இயந்திரம் இதைச் சில நிமிடத்தில் செய்துவிடும் என்பது எனக்கே தெரிந்தது. அவருக்குப் பார்க்க வேண்டியிருந்தது வில்லையை இல்லை, கையை.

அரத்தை முன்னுக்கு மட்டும் தள்ள வேண்டும். பின்னுக்கு இழுத்தால் விளிம்பு பொரிந்துவிடும். வில்லையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் தட்டையாகிவிடும். முதல் ஒரு மணித்தியாலத்தில் நகத்துக்குள் எல்லாம் வெள்ளைத் தூள். வடிவம் வந்த பிறகுதான் உண்மையான வேலை. சட்டத்தின் உட்பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். வில்லையின் விளிம்பு அதற்குள் போய் உட்கார இரண்டு பக்கமும் சரித்து ஒரு கூர் எடுக்க வேண்டும். எடுத்துச் சட்டத்துக்குள் வைத்துத் திருகாணியை முறுக்கினேன். மூடவில்லை. பெரிது. இன்னும் கொஞ்சம் அராவினேன். மூடியது. முதலாளி யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். வில்லைக்கும் சட்டத்துக்கும் நடுவில், மூக்குப் பக்கத்து மூலையில், ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று. மயிரிழைதான். ஒன்றும் பேசாமல் இன்னொரு வில்லையைத் தந்தார். மத்தியானத்துக்குப் பிறகு மூன்றாவது ஒன்றையும் தந்தார். அதைத் தூக்கிப் பிடித்தபோது வெளிச்சம் வரவில்லை. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கடையில் நின்ற லேர்க்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினார்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, அந்தப் பட்டறையின் மணம். கடும் பவர் உள்ளவர்களுக்கு மெல்லிசாக வரவேண்டும் என்று ஒரு விசேஷப் பிளாஸ்டிக் போடுவார்கள். அதை அரைத்தால் அழுகின முட்டை மணம் வரும். அதில் கந்தகம் இருக்கிறது. முன்னால் ஒரு கனவான் இத்தாலியச் சட்டம் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருப்பார், பின்னால் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவருடைய வில்லையை அரைப்போம். எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததே அதுதான், முன்பக்கமும் பின்பக்கமும் இவ்வளவு வேறாக இருப்பது.

இடையில் ஒரு நாள் எங்கள் ஆள் ஒருவர் மூக்குத்தாங்கி மாற்ற வந்தார். நான் மேசைக்குப் பின்னால் நிற்பதைக் கண்டார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, வெளியே போய்ப் போன் எடுத்தார். நான் வீட்டுக்குப் போக முதலே அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது, மகள் படிப்பை விட்டுக் கடையில் நிற்கிறாள் என்று. பேர்ணில் அஞ்சல்காரரைவிட எங்கள் ஆட்கள் வேகம்.

மூன்றாம் நாள் முடிவில் முதலாளி மதிப்பீட்டுத் தாளை எடுத்து வைத்தார். பள்ளிக்கூடம் கொடுத்துவிடுகிற தாள் அது, கட்டம் கட்டமாக இருக்கும். நேரம் தவறாமை: மிக நன்று. கைத்திறன்: மிக நன்று. பழகும் விதம்: நன்று. ஆர்வம் என்ற இடத்தில் நடுக்கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு, "நீ ஒன்றுமே கேட்கிறாயில்லையே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஆர்வம் இருந்ததால்தான் வாயை மூடிக்கொண்டு கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் வேலை செய்யும்போது இடையில் மறித்து ஏன் எதற்கு என்று கேட்பது வாய்க்கொழுப்பு. இவர்களுக்கோ, கேட்காத பிள்ளை என்றால் மனம் வேறெங்கோ இருக்கிறது. எப்படியோ திக்கித் திணறி அதை விளக்கினேன். அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டார். "சரி. கட்டத்தை வெள்ளிக்கிழமை நிரப்புகிறேன். அதுவரை நாள் முடிவில் ஐந்து கேள்வி கொண்டுவா."

அன்று இரவு எழுதினேன். தூரப்பார்வைக் கண்ணாடி ஏன் நடுவில் தடிப்பு, கிட்டப்பார்வைக்கு ஏன் விளிம்பில் தடிப்பு? முகத்தைத் தொட முதல் ஏன் ஒவ்வொரு தடவையும் 'இப்போது தொடப்போகிறேன்' என்று சொல்கிறீர்கள்? விலை கூடின சட்டத்திலும் ஏன் திருகாணி கழன்று விழுகிறது? கடைசிக் கேள்விக்கு அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "அது கழன்றால்தானே மனிதர் திரும்ப உள்ளே வருவார்கள்" என்றார். பகிடி என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இலையுதிர் காலத்தில் லேருக்கு விண்ணப்பித்தேன், அதே கடையில். 2005 ஆகஸ்டில் தொடங்கினேன். அப்பா ஊரில் மாமாவுக்குப் போன் எடுத்து, "மகள் கண் டொக்டருக்குப் படிக்கிறா" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். திருத்தவில்லை. லேர் என்று சொன்னால் ஊரில் விளங்காது, இங்கே எங்கள் சனத்துக்கு விளங்கினாலும் பிடிக்காது. கிம்னாசியம் போகாத பிள்ளை தவறிப்போன பிள்ளை என்று நினைப்பு. லேர் முடித்த பிறகு, உயர்படிப்புக்கு வழிவிடுகிற தொழில்முறை மத்தூரா என்ற சான்றிதழை எடுத்து, ஒல்ட்டனில் உள்ள உயர்தொழிற் பள்ளியில் பார்வையியல் படித்து, இப்போது கண் பரிசோதிப்பதுதான் என் வேலை. லேர் ஒரு கதவையும் பூட்டவில்லை. இதை எத்தனை சாமத்தியவீட்டில் சொன்னாலும், "ஓம் ஓம், ஆனா எங்கட மகன் கெட்டிக்காரன்" என்பார்கள்.

இப்போது நான் போனின் மறுமுனையில். லேர்ப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்றால் இங்கே அதற்கென்று 40 மணித்தியால வகுப்பு ஒன்று முடித்திருக்க வேண்டும். அதை முடித்த நாளிலிருந்து ஷ்னுப்பர் கேட்டு வருகிற போனெல்லாம் என்னிடம்தான். உள்ளேயிருந்து பார்க்கிறபோது சில விஷயம் தெரிகிறது.

அம்மா எடுத்தால் நான் பிள்ளையின் பெயரைக்கூட எழுதிக்கொள்வதில்லை. இரக்கமில்லாமல் இல்லை. ஐந்து நாள் அம்மா கூட நிற்கப் போவதில்லை, அதனால்தான். மின்னஞ்சல்கள் இப்போது எல்லாமே ஒரே அச்சு. 'உங்கள் புத்தாக்கம் மிக்க நிறுவனம்' என்று தொடங்கும். எங்கள் கடையில் புத்தாக்கம் என்று சொல்ல இருப்பது போன வருடம் வாங்கின கோப்பி மெசின் மட்டும்தான். செயற்கை நுண்ணறிவில் எழுதுவது என் பிரச்சினை இல்லை. கடையின் பெயரையாவது சரியாக எழுதியிருக்கலாம். போன மாதம் ஒரு பெடியன் எழுதியிருந்தான், நான்கு வரி, இரண்டு எழுத்துப் பிழை: "உங்கள் கடை வாசலால் ஒவ்வொரு நாளும் ட்ராமுக்குப் போகிறேன். பின்னறையில் நீலச் சுவாலை ஒன்று தெரிகிறது. அது என்ன?" உலோகச் சட்டம் ஒட்டுகிற சுவாலை அது. அன்றைக்கே போன் எடுத்து வரச் சொன்னேன்.

பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. பதின்மூன்று வயது முடிந்த பிள்ளை ஷ்னுப்பர் செய்யலாம். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலத்துக்கும் வாரத்துக்கு நாற்பதுக்கும் மேல் கூடாது, காலை ஆறுக்கு முதலோ மாலை ஆறுக்குப் பிறகோ கூடாது. அந்த நாட்களில் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே "பிள்ளைக்கு ஏதும் நடந்தால்" என்று பயந்து மறிக்கிறவர்கள் மறிக்கத் தேவையில்லை. இரவு ஒன்பது மணி வரை நில் என்று சொல்கிற இடம் இருந்தால் அங்கே லேருக்கும் போகத் தேவையில்லை. இன்னொன்று, லேர் இடங்கள் ஒரு வருடம் முன்னதாக, ஆகஸ்டிலேயே வரத் தொடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்புத் தை மாதத்தில் ஓடிவந்து கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?

பிள்ளை தானாகத் தேடட்டும், அப்போதுதான் பொறுப்பு வரும் என்று பள்ளிக்கூடம் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன், பாதிக்கு. போனைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். அந்தப் போனுக்கு முன்னால் ஒரு பெரியவர் சோபாவில் நிமிர்ந்து இருந்து "இடம் இல்லை! வை!" என்று கத்தியிருக்க வேண்டும். சில வீடுகளில் அது தானாக நடக்கிறது. எங்கள் வீடுகளில் அப்பாவும் அம்மாவும் இரவு வேலையில் இருப்பார்கள், அல்லது எங்கள் ஜெர்மன் காணாது என்று ஒதுங்கிக்கொள்வார்கள். ஜெர்மன் காணும். என் அப்பாவுக்கு இருந்தது ஐந்து சொல்.

அதனால் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு பின்வகுப்பறையில் நான் அரை மணித்தியாலம் முதலாளியாக இருக்கிறேன். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் வந்து எனக்குப் போன் எடுக்கிறார்கள், மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு. காது கேளாத முதலாளிக்குத்தான் அதிகம் சிரிப்பு. வங்கி, தபால், கார்க் கராஜ், நாய் மருத்துவர் என்று எதற்கு வேண்டுமானாலும் பழகலாம், கண்ணாடிக்கடை என்று இல்லை.

எங்கள் கடையில் இலையுதிர்கால விடுமுறைக்கு இரண்டு இடம் இருக்கிறது. பிள்ளை எடுத்தால் கதைப்பேன். அப்பா எடுத்தால் சுகம் விசாரித்துவிட்டுப் போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்வேன்.